காது மெஷினிடம் சொன்ன பொய்

முருகானந்தம் வாலிபத்திலிருந்தே ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் இருந்தவர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று ஊர் ஊராய்ப் போய், காதைப் பிளக்கும் கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்று நின்று இரண்டு காதும் மந்தமாகிவிட்டது. வண்டியை விட்டு இறங்கியபின் பரமத்தி வேலூர் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவரும் மனைவி அங்கம்மாளும்தான். மகள் வித்யாவுக்குக் கோயமுத்தூரில் வேலை.

வித்யாதான் ஒரு கம்பெனியில் காது மெஷின் வாங்கி அனுப்பினாள். கடைக்கு அலைய வேண்டியதில்லை. அகல்யா என்ற பெண் சென்னையிலிருந்து போனில் முகம் காட்டிப் பேசி, காதைச் சோதித்து, மெஷினின் சத்தத்தை அங்கிருந்தபடியே கூட்டிக் குறைத்தாள். மறந்துபோன குருவிச் சத்தமெல்லாம் கேட்டது. அங்கம்மாள் பாத்திரம் கழுவினால் தலைக்குள் மணி அடித்தது.

அடுத்த தடவை பேசும்போது அகல்யா, "மத்தியானம் ஆனா மெஷினைக் கழட்டி வெச்சிடறீங்க போல இருக்கே சார்?" என்று கேட்டாள்.

சாப்பிட்டுப் படுக்கும்போது கழற்றுவது உண்மைதான். ஆனால் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் கவனித்தார். போனில் மகளோடு பேசிக்கொண்டிருக்கும் அங்கம்மாள், அவர் தலை தெரிந்ததும் குரலை இறக்கி, "சரி சாமி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். முன்பும் இப்படித்தானோ என்னவோ, அவருக்குத் தெரிய வழியில்லை. மெஷினுக்காகப் போனில் ஏற்றிய ஆப், மைக்கைத் திறக்கட்டுமா, இருக்கும் இடத்தைப் பார்க்கட்டுமா என்றெல்லாம் கேட்டிருந்தது. வித்யா சொன்னபடி எல்லாவற்றுக்கும் சரி கொடுத்திருந்தார். இத்தனை வருசம் இல்லாத அக்கறை மகளுக்கு இப்போது எதற்கு? கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கோயமுத்தூருக்கு வந்துவிடுங்கள் என்று அவள் சொன்னதும், இவர் மறுத்ததும் நினைவுக்கு வந்தன. அப்பன் என்ன பேசுகிறான், எங்கே போகிறான் என்று வேவு பார்க்கத்தான் மெஷினோ?

சோதித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தார். கொடிக்காலில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், மெஷினை மாட்டிக்கொண்டு, "நான் மறுபடி ரிக்குக்கே போறேன். ராய்ப்பூர் வண்டியில ஆள் கேக்கறாங்க" என்று தன் பாட்டுக்குச் சொன்னார். சுத்தப் பொய்.

மறுநாள் காலை வித்யா கூப்பிட்டாள். "ஏனுங்கப்பா, ரிக்குக்குப் போறீங்களாமா? இந்த வயசுல எதுக்குங்கப்பா?"

அவர் போனை வைத்தார். மெஷின்கள் இரண்டையும் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டார். அகல்யா பேசும் நாள் வந்ததும், கேள்வி கேட்பதற்காக மட்டும் மறுபடி மாட்டிக்கொண்டு, அங்கம்மாளையும் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நாங்க பேசறதை நீங்க கேக்கறீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லு கண்ணு."

அகல்யா கோபித்துக்கொள்ளவில்லை. பேசும் வார்த்தை எதுவும் தங்களுக்கு வராது, ஆப் மைக்கைக் கேட்பது இப்படி முகம் பார்த்துப் பேசவும், இடத்தைக் கேட்பது மெஷினைப் போனோடு இணைக்கவும்தான் என்றாள். எப்போது, எவ்வளவு நேரம் மாட்டியிருக்கிறார், அந்த நேரத்தில் சுற்றிலும் இருந்தது இரைச்சலா, அமைதியா, பேச்சா என்பது மட்டும்தான் மெஷினில் பதியுமாம். அவர் நம்பவில்லை. மெஷினில் பதிந்ததைக் கோடுகளாகக் காட்டும் படத்தையே அவள் போனில் காட்டினாள். இரைச்சல் கொஞ்சம், மீதியெல்லாம் அமைதி. பேச்சு என்ற இடத்தில் நூல்போல ஒரு கோடு.

"நானே கேக்கணும்னு இருந்தேன் சார்," என்று தயங்கினாள். "வீட்டுல உங்களோட யாரும் பேசறதில்லையா?"

முருகானந்தம் அங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தார். போனை வைத்துவிட்டு, ரிக் சமாச்சாரத்தை வித்யாவிடம் சொன்னது யாரென்று மனைவியிடம் கேட்டார்.

"நாந்தானுங்க மாமா," என்றாள் அங்கம்மாள். வேலிக்கு அந்தப் பக்கம் புல் அறுத்துக்கொண்டிருந்தாளாம். காது மந்தமானதிலிருந்து அவர் மெதுவாகப் பேசியதே இல்லை. தனக்குள் சொன்னதாக அவர் நினைத்தது வாய்க்கால் வரைக்கும் கேட்டிருக்கிறது.

"எங்கிட்டயே கேட்டிருக்கலாமில்ல?"

"உங்ககிட்ட எது கேக்கோணும்னாலும் கத்தோணும். கத்துனா நாலு ஊட்டுக்குக் கேக்கும். அப்படியே பேச்சு நின்னுபோச்சுங்க. மெஷின் வந்தப்பறமும் வாய் வர்ல."

அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. போனில் குசுகுசுவென்று என்ன பேசுகிறீர்கள், என்னைக் கோயமுத்தூருக்குக் கடத்தவா என்றார்.

அங்கம்மாள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவர் இதுவரை கேட்டிராத தணிந்த குரலில் சொன்னாள். மாதவிலக்கு நின்று எத்தனையோ வருசமாகிறது. தைப்பூசத்திலிருந்து மறுபடி ரத்தம் படுகிறது. வித்யா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அவரிடம் சொல்லாமல் வரமாட்டேன் என்று இவள் பிடிவாதமாக இருந்துவிட்டாள். அதற்குத்தான் வித்யா அவசரமாக மெஷின் வாங்கி அனுப்பியது.

"இதை எப்படீங்க கத்திச் சொல்றது?"

ஒரு வார்த்தை தப்பாமல் அவருக்குக் கேட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. சோதனையில் புற்றுநோய் என்றே தெரிந்தது. ஆனால் தொடக்கத்திலேயே எடுத்தாகிவிட்டது, பரவவில்லை, அவ்வப்போது வந்து காட்டிக்கொண்டிருந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. முகக்கவசத்துக்குள்ளிருந்து மெல்லப் பேசுகிறவர். வித்யா திருப்பிச் சொல்ல வாயெடுத்தாள். "எனக்குக் கேட்டுதும்மா" என்று சொல்லிவிட்டு, முருகானந்தம் அங்கம்மாளிடம் அதைச் சொல்ல உள்ளே போனார்.