தொப்பை எழுத்தில் வந்த மரணம்

கால்மாட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தன் மரண அறிவிப்பை வாசித்த, காலையில் இறந்து கூடத்தில் கிடத்தப்பட்டிருந்த ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், அதில் நம்பும்படியாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பிற்பகல் இரண்டரை மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். தப்பு அச்சகத்தில் நடந்தது. காலையில் பொம்மைக் கடை திறப்புக்காக அடித்த கோப்பிலேயே, எழுத்துருவை மாற்றாமல், அவசரத்தில் இவர் சாவையும் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு தொப்பை, பின்னால் ஒரு சுருட்டை வால், வளைவுக்குள் ஒரு நட்சத்திரம். அந்த எழுத்தில் எதைப் போட்டாலும் ஊரில் ஒருவரும் பொருட்படுத்த மாட்டார்கள். நகராட்சி ஒருமுறை 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று அதில் எழுதி வைக்க, ஆட்கள் குடும்பத்தோடு வந்து கொட்டிவிட்டுப் போனார்கள். பல் மருத்துவர் மட்டும் விவரமானவர். அதே எழுத்தில் அவர் வைத்த பெயர்ப்பலகையைப் பார்த்து நோயாளிகள் ஈ என்று இளித்துக்கொண்டே உள்ளே வந்ததால், வாயைத் திறக்கச் சொல்லும் வேலை அவருக்கு மிச்சமானது.

எழுத்தரின் மனைவி வீட்டிலேயே சட்டை தைப்பவள். காலையிலிருந்து அழுது முகம் வீங்கியிருந்தவள், ஏன் எதற்கு என்று கேட்டால் எங்கே மறுபடி படுத்துவிடுவாரோ என்று பயந்து, காபி போடப் போனாள். அவளுக்கு அவர் வேண்டும்; எப்படி இருந்தாலும் வேண்டும். மகனுக்குத்தான் தலைகுனிவு. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது? இறப்பை உறுதிசெய்து மருத்துவர் தந்த சான்றிதழோ அவருடைய கிறுக்கல் கையெழுத்தில் இருந்ததால் யாராலும் வாசிக்க முடியவில்லை.

மறுநாள் அச்சகக்காரர் மன்னிப்போடு புது அறிவிப்பைக் கொடுத்தனுப்பினார்: நேரான கறுப்பு எழுத்து, சுற்றிலும் கட்டம். அவள் தடுப்பதற்குள் மகன் அதை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டான். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில், நேரான எழுத்தில் வந்த எதையும் எழுத்தர் மறுத்ததில்லை. இரண்டு முறை படித்தார். முகம் வெளுத்தது, பாதம் சில்லிட்டுப்போனது. அவள் கத்தரிக்கோலைப் பிடித்தபடியே அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க..." என்றாள்.

"இரு. ஒரே விஷயத்துக்கு ரெண்டு அறிவிப்பு வந்திருக்கு. ரெண்டுலயும் கையெழுத்து இல்ல. எது செல்லும்னு நெருங்கின சொந்தம் எழுதிக் குடுக்கணும். அதுவரைக்கும் பழைய தொப்பை எழுத்துதான் செல்லும்." பேனாவை நீட்டினார். "நீதானே சொந்தம். இதுல கையெழுத்துப் போடு."

"இந்தச் சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துட்டு வந்து போடறேன்."

பதினோரு வருடமாக எழுத்தர் தினமும் காலையில் அந்தக் காகிதத்தோடு தையல் இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நிற்கிறார். ஒரு நாள் நூல் அறுந்திருக்கும், ஒரு நாள் கையெல்லாம் எண்ணெயாக இருக்கும். அவர் கோபித்துக்கொள்வதில்லை, அலுவலகத்தில் இதைவிட நீண்ட நிலுவைகளைப் பார்த்தவர். நாளைக்குப் பார்க்கலாம் என்று பேனாவை மூடிவிட்டுக் குளிக்கப் போகிறார்.