விழுந்துகொண்டே ஓடுவது

மாலை ஆறு ஐம்பத்தொன்றுக்கு விண்வெளி நிலையம் வானத்தில் ஏறித் தலைக்கு மேலே கடந்து போகும் என்று ஜானட் சொல்லியிருந்தாள். ஆறரைக்கே திருவொற்றியூர்க் குடியிருப்பின் மொட்டை மாடி நிறைந்துவிட்டது.

கருவாடு காயவைப்பதில் வந்த சண்டைக்குப் பிறகு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த மாடி. தரைத்தளத்தில் குடியிருந்த ஜானட்டால், தான் வாங்கிய தொலைநோக்கியில் எதிர்வீட்டுச் சுவரைத்தான் பார்க்க முடிந்தது. ஞாயிறுதோறும் மாடியைத் திறந்துவிடும்படி சங்கச் செயலாளர் ஆறுமுகநயினாரிடம் கேட்டாள். அவர் ஒரே ஒரு மாலைநேரம் கொடுத்தார். சொன்ன நேரத்துக்கு விண்வெளி நிலையம் வந்தால் ஞாயிறெல்லாம் அவளுக்கு. வராவிட்டால் மறுபடி பூட்டு. அதற்குமேல் பேச்சில்லை.

எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை. சூரியன் அங்கிருந்துதான் வருகிறது, நிலாவும் கப்பலும் அங்கிருந்துதான். ஜானட்டும் அந்தப் பக்கமே நின்றாள்.

“எம்மா ஒசரத்துல கீது?” என்றார் துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டும் மஜீது.

“நானூறு கிலோமீட்டரு, பாய். மதுர போற தூரத்த நேரா மேல நிமித்தி வெச்சா அவ்ளோதான்.”

“எத்த புட்சிகினு தொங்குது?”

“ஒண்ணயும் புடிக்கல. வுழுந்துகினேதான் கீது.”

மஜீது இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். மாடி சிரித்தது.

“உங்க தலைல வுழாது. ஒரு நொடிக்கு ஏழர கிலோமீட்டரு முன்னாடி ஓடுதே! அது வுழ வுழ தரையும் வளஞ்சி கீழ போய்கினே கீது. எட்டவே எட்டாது. ஒன்ற மணி நேரத்துல ஒரு சுத்து.”

“நான் டோல்கேட்லேர்ந்து ஆர்பர் கேட்டுக்குப் போறதுக்குள்ள உலகத்தயே சுத்திடுமா!”

“அது திரும்பி வந்தாலும் நீ கியூவுலதான் நிப்ப,” என்றாள் அவர் மனைவி சபீஹா.

ஆறு ஐம்பத்தொன்று. கடல் மேல் ஒன்றுமில்லை. ஐம்பத்திரண்டு. நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் மட்டும்.

“இன்னா ஜானட்டு, அதுவும் டிராபிக்ல மாட்டிகிச்சா?” என்றார் மஜீது.

ஆறுமுகநயினார் எழுந்து வேட்டியை உதறினார்.

நேரத்தைக் குறித்துக்கொண்ட ஜானட் திசையைப் பார்த்துவைக்கவில்லை. எத்தனை ராக்கெட் பார்த்திருக்கிறாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிக் கடல் மேல் போவதை! பூமி சுற்றும் கிழக்குப் பக்கமே எறிந்தால் அந்த வேகமும் கூடக் கிடைக்கும். இதுவும் அப்படி எறிந்ததுதானே? கிழக்கே ஓடுகிற ஒன்று கிழக்கிலிருந்தா வரும்?

“திரும்புங்க! எல்லாம் திரும்புங்க! முதுகாண்ட கீது!”

நாற்காலிகள் கீச்சிட்டன. மேற்கே எம்.கே.பி. நகர்ப் பக்கமிருந்து ஏறி, அது பாதி வானத்துக்கு வந்திருந்தது. மினுக்காத வெள்ளை ஒளி. சத்தமே இல்லை. மாடிதான் கத்தியது.

“எம்மாம் பெரிய லைட்டு போட்டுகீறான்!” என்றார் ஆறுமுகநயினார்.

“லைட்டு இல்லண்ணே. நம்மளுக்கு இருட்டிடுச்சி, அதுக்கு இன்னும் வெயிலு.”

ஒளி தலைக்கு மேல் தாண்டியது. கூட்டம் அதனோடு கைப்பிடிச் சுவர் வரை ஓடியது. அது கடலுக்கு மேல் போய், மங்கி, அணைந்தது.

“வுழுந்துடுச்சா?” ஆறுமுகநயினார் குரலில் பதற்றம்.

“பூமி நெழலுக்குள்ள பூந்துடுச்சி. ஓடிகினுதான் கீது.”

அவர் இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஞாயித்துக்கெழம மாடி உன்னுது. ஆனா ஒண்ணு. எந்தப் பக்கம் பாக்கணும்னு மொதல்லயே சொல்லிடணும்.”