இரண்டாவது ஓட்டம்

கிழக்கு வெளுக்கும் முன்பே சலவை ஆலையில் ஆஸ்பத்திரி வெளுக்கத் தொடங்கிவிடும். முந்திய நாளின் ரத்தம், சீழ், வாந்தி, மருந்துக் கறை எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கொதிநீர் இயந்திரங்கள் அவற்றை வாங்கி உருட்டும். பிளீச்சிங் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்கும். பிழிந்த பிறகும் ஒரு மூட்டை ஓர் ஆள் கனம் இருக்கும். இரண்டு பேர் அதைத் தூக்கி உலர்த்தும் இயந்திரத்தின் வாய்க்குள் திணிப்பார்கள். அது துப்பும் விரிப்புகளை எட்டுப் பெண்கள் நீள மேசையில் நின்றபடியே மடிப்பார்கள். உட்கார நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று முதலாளி கண்டுபிடித்திருந்தார். அவர் அறையில் மட்டும் ஒரு சுழல் நாற்காலி இருந்தது. அவருக்குத் தூக்கம் வராமல் இருக்கத்தான் அது சுழன்றது போலும்.

வாசலில் 'தூய்மையே எங்கள் மூச்சு' என்று ஒரு பலகை. அதன் கீழே முதலாளி 'தூய்மைத் திலகம்' விருது வாங்கும் படம். விருது கொடுத்த சங்கத்துக்குப் பொருளாளர் அவரேதான்.

"வலது கையால குடுத்து இடது கையால வாங்கியிருக்காரு. நடுவுல கை கழுவினாரான்னு கேளு" என்பாள் ரேடியோ. மடிக்கும் பெண்களில் அவள்தான் சின்னவள். வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர்.

மேசையின் முதல் இடம் மடிப்பக்காவுக்கு. பதினாறு வருஷமாக அதே இடம், அதே கால் வலி. விரிப்பை மடிக்கும் முன் அதன் ஓரத் தையலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். நடுத்துணி சீக்கிரம் காய்ந்து ஆளை ஏமாற்றும். இரண்டு மடிப்பாகத் தைத்த ஓரம் ஏமாற்றாது. குளிர்ந்தால் ஈரம்.

ஆறு வாரமாக எல்லா ஓரமும் குளிர்ந்துகொண்டிருந்தது.

உலர்த்தும் இயந்திரத்தை ஓட்டும் பெரியவருக்கு 'நாப்பது' என்று பெயர். "நாப்பது நிமிஷம் ஓடணும், ஒண்ணு குறைஞ்சாலும் துணி காயாது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஓதி ஓதி வந்த பெயர். ஆறு வாரத்துக்கு முன் முதலாளி ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியோடு வந்தார். நேரக் குமிழை இருபத்தைந்தில் திருகி வைத்து, அதன்மேல் பெட்டியை மாட்டிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உலகமே வேகமாப் போகுது. நாம மட்டும் நாப்பது நிமிஷம் ஒரே இடத்துல சுத்திட்டு இருந்தா எப்படிப்பா முன்னேறுறது?"

"துணி காயாது சார்."

"மீதியை ஆஸ்பத்திரியில போய்க் காயட்டும். அங்க ஃபேன் இருக்குல்ல?"

அன்று முதல் பெரியவரை எல்லோரும் 'இருபத்தஞ்சு' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விரிப்புகள் ஓரம் ஈரமாகவே மடிபட்டன, பிளாஸ்டிக் உறைக்குள் போயின, வெதுவெதுப்பு ஆறாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரு நாள் முழுக்கக் கிடந்து வேனில் ஏறின. மடிப்பக்கா முதலாளியிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் சொல்லவில்லை. அவள் கைதான் மடித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் தம்பி அதே ஆஸ்பத்திரியில் படுத்தான்.

தம்பி வீடுகளுக்கு வெள்ளையடிப்பவன். ரத்தத்தில் புற்று. மருந்து ஏற்றி ஏற்றி, நோயோடு சேர்த்து உடம்பின் காவல்காரர்களையும் கொன்றாகிவிட்டது. வெள்ளணு சுத்தமாக இல்லை, பத்திருபது நாளில் தானாக ஏறும், அதுவரை தூசிகூட அவனுக்கு எதிரி என்று டாக்டர் சொன்னார். கண்ணாடித் தடுப்புக்குள் படுக்க வைத்திருந்தார்கள்.

"ஊர்ச் சுவருக்கெல்லாம் வெள்ளையடிச்சேன்க்கா. கடைசியில எனக்கே வெள்ளை பத்தலையாம்" என்றான் தம்பி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போனில். அவனுக்குச் சாவு வாசலில் நின்றாலும் வாய் மட்டும் அடங்காது.

அவன் எந்த விரிப்பில் படுத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். வெளித்துணி உள்ளே விடமாட்டார்கள். மறுநாள் காலை பெரியவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, ஒரு பன்னெண்டு விரிப்பு மட்டும் நல்லாக் காய்ஞ்சு வேணும்."

அவர் பூட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பூட்டு இருபத்தஞ்சுக்குத்தானேம்மா? முடிஞ்சதும் பொத்தானை மறுபடி அமுக்கக் கூடாதுன்னு அது எங்கயும் சொல்லலையே."

அப்படித்தான் இரண்டாவது ஓட்டம் பிறந்தது. தினமும் பன்னிரண்டு விரிப்பு இரண்டு முறை ஓடியது. காய்ந்து மொறுமொறுத்து வந்தவற்றின் மூலையில் அவள் நீல நூலால் ஒரு தையல் போட்டுத் தனிக்கட்டாகக் கட்டினாள். 'புற்று வார்டு' என்று சீட்டு எழுதி, வேன்காரர் கையில் கொடுத்தாள். மற்ற ஆயிரத்துச் சொச்சம் விரிப்புகள் ஈரத்தோடு போயின. அதை அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்க நன்றாகப் பாடுபட்டாள்.

ஒன்பதாவது நாள் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. நூற்று மூன்று. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ரத்தத்தைச் சோதித்துவிட்டு, தொற்றைக் கவனிக்கும் நர்ஸ் அவளை வராந்தாவில் உட்கார வைத்தாள்.

"ரொம்ப அபூர்வமான கிருமிம்மா. மண்ணுல, தூசியில சும்மா கிடக்கிறது. உங்களையும் என்னையும் ஒண்ணும் பண்ணாது. எதிர்ப்பு சக்தி இல்லாதவங்க ரத்தத்துல ஏறினா மட்டும்தான் ஆபத்து."

"அபூர்வமா?" என்றாள் மடிப்பக்கா. "எங்க வீட்டுக்கு அபூர்வமா எதுவும் வந்ததே இல்லையே சிஸ்டர்."

"வார்டுல இதோட நாலு பேரு. அதான் விரிப்பு மேல சந்தேகம், சோதனைக்கு அனுப்பியிருக்கோம். சுடுதண்ணியில போட்டாலும் இந்தக் கிருமி சாகாது. விதை மாதிரி சுருண்டு கிடக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைச்சா முளைச்சிடும். துணி ஏன் ஈரமா வருது? நீங்க அங்கதானே வேலை பாக்குறீங்க?"

"என் தம்பிக்கு வர்றது காய்ஞ்சதுதான் சிஸ்டர். நானே தனியாக் கட்டி அனுப்புறேன். மூலையில நீலத் தையல் இருக்கும்."

நர்ஸ் உள்ளே போய், விரிப்பின் நாலு மூலையையும் கண்ணாடிக்கு எதிரே தூக்கிக் காட்டினாள். ஒன்றிலும் நீலம் இல்லை.

கட்டு எங்கே போனது என்று வெளியே வரும் வழியில் தெரிந்தது. கண் வார்டில், புரை எடுத்த கிழவர் ஒருவர் ஒரு கண்ணில் கட்டோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் கால்மாட்டில் தொங்கிய மூலையில் நீலத் தையல். அவளையும் அறியாமல் குனிந்து ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெயிலில் காய்ந்ததுபோல் இருந்தது. கிழவர் மேல் கோபப்படவும் வழியில்லை. ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி எல்லாக் கட்டையும் பிரித்து ஒன்றாகக் கொட்டும். கைக்கு வந்ததை எடுத்து விரிப்பார்கள். அவள் சீட்டை யார் படித்தார்கள்?

மறுநாள் விடியலில் ரேடியோவிடம் சொன்னாள். "ஊரான் தலையில ஈரத்தைக் கட்டிட்டு, என் தம்பிக்கு மட்டும் காய்ஞ்சது தேடினேன்டி. நான் மடிச்சதே அவனுக்குப் போயிருக்கு."

ரேடியோ மேசையில் கிடந்த விரிப்பின் ஓரத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

வேலை தொடங்கி அரைமணி ஆவதற்குள் முதலாளி வந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தும்பைப்பூச் சட்டை, கையில் ஒரு கட்டுக் காகிதம். மேசைக்கு முன்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். மேடை இல்லாத இடத்திலும் அவருக்கு மைக் தேவைப்பட்டது.

"நம்ம ஆலை ஒரு ஆலயம். இங்கேருந்து கிருமி போச்சுன்னு ஒரு பழி வந்திருக்கு. துணியில கிருமி எப்படி வரும்? தொடுற கையிலதான் வரும். யாரையும் தண்டிக்கப் போறதில்ல. 'கை சுத்தத்துல கவனக்குறைவா இருந்துட்டேன்'னு ஒரு வரி. அதுல ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வேலையைப் பாருங்க."

"பிளீச்சிங்குல தோல் உரிஞ்சு போன கை சார் இது" என்றாள் ரேடியோ, உள்ளங்கையை விரித்து. "இதுல குந்துறதுக்குக் கிருமிக்கே பயமா இருக்கும்."

"வாயைக் கொஞ்சம் குறை."

"அதுக்கும் ஒரு பெட்டி மாட்டிப் பூட்டிருங்க சார்."

முதலாளி அவளை விட்டுவிட்டு மடிப்பக்கா பக்கம் திரும்பினார். குரலில் திடீரென்று தேன் வடிந்தது.

"உன் தம்பி விஷயம் கேள்விப்பட்டேன்மா. மனசே சரியில்ல. நாளையிலேர்ந்து அவனுக்குன்னு தனியா, நல்லாக் காய வச்ச விரிப்பு என் கார்லயே அனுப்புறேன். அந்த வார்டு வாசல் வரைக்கும். நீ மூத்தவ, மொதல்ல நீ கையெழுத்துப் போடு. மத்தவங்க தானா வருவாங்க."

மற்ற ஏழு மேசைக்காரிகளும் அவளையே பார்த்தார்கள். பேனா அவள் முன்னால் கிடந்தது. இரண்டு இரவாகத் தூங்காத கண்ணுக்கு அது ஒரு கயிறு மாதிரித் தெரிந்தது. கிணற்றில் விழுந்தவன் கயிறா பாம்பா என்று பார்ப்பானா? அவள் கை நீண்டது. பேனாவை எடுத்தும்விட்டாள்.

கண் வார்டுக் கிழவரின் குறட்டை காதில் கேட்டது.

"காய வச்சா சரியாயிடும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே சார்" என்றாள். "அப்புறம் எங்க கையைப் பத்தி ஏன் எழுதணும்?"

முதலாளிக்குத் தேன் உறைந்தது.

"தனிக்கட்டு நானும் அனுப்பிப் பாத்துட்டேன் சார். போய்ச் சேரல. அங்க நாலு பேரு கிடக்கிறாங்க. எல்லாருக்கும் காய்ஞ்சாத்தான் என் தம்பிக்குக் காயும்." பேனாவைக் காகிதத்தின் மேலேயே வைத்தாள். "பெட்டியைத் திறங்க."

"திறக்க முடியாதுன்னா?"

"ஓரம் ஈரமா வர்றதை நான் மடிக்க மாட்டேன்."

"நீ போனா வாசல்ல நூறு பேர் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அவங்களுக்கும் ஆஸ்பத்திரியில ஆள் இருக்கும். கேட்டுப் பாருங்க."

அடுத்தடுத்து ஏழு ஜோடிக் கைகள் மேசையிலிருந்து விலகின. யாரும் கோஷம் போடவில்லை. ஒருத்தி பயத்தில் அழுதுகொண்டேதான் கையை எடுத்தாள். அவள் வீட்டில் மூன்று வயிறுகள் இந்த மேசையை நம்பியிருந்தன. ஆனாலும் எடுத்தாள்.

இயந்திரம் இருபத்தைந்து முடிந்து மணியடித்து நின்றது. பெரியவர் கதவைத் திறக்கவில்லை. பூட்டிய பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதலாளி முன்னாலேயே பொத்தானை மறுபடி அமுக்கினார்.

"யோவ்! யாரைக் கேட்டு?"

"அபூர்வக் கிருமி சார்" என்றார் பெரியவர். "அதுக்கு உங்க விருதைப் படிக்கத் தெரியாதாம்."

முதலாளி வாசலுக்கு ஓடி, இருக்கிற மூட்டையை ஏற்றிக்கொண்டு கிளம்பச் சொன்னார். முந்தைய நாள் மடித்தவை உறைக்குள் வியர்த்துக் கிடந்தன. வேன்காரர் இறங்கி வந்து ஓர் உறையை அழுத்திப் பார்த்தார், விரலைச் சட்டையில் துடைத்தார், போய் இன்ஜினை அணைத்தார்.

"காய்ஞ்சதும் சொல்லுங்க அக்கா. நான் இங்கதான் இருக்கேன்."

முதலாளி போனில் யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். போலீஸாக இருக்கலாம், வேறு ஆள்களாக இருக்கலாம். பெண்கள் கேட்டுக்கொண்டே நின்றார்கள். நேற்றைய உறைகளைக் கிழித்து, ஈர விரிப்புகளை உதறி, மறுபடி கொதிநீரில் போட்டுக் காய வைக்கக் குவித்தார்கள். பன்னிரண்டு காய வேண்டிய இடத்தில் ஆயிரம் காய வேண்டும். இருப்பதோ ஒரே இயந்திரம். எத்தனை நாள் விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மடிப்பக்காவின் இடுப்பில் போன் அதிர்ந்தது. நர்ஸ். "மருந்து மாத்தியிருக்கோம்மா. காய்ச்சல் இன்னும் இறங்கல. ஒரு மாதிரிப் புலம்புறான், என்னமோ சுவரு சுவருங்கிறான். சாயங்காலம் வாங்க." அவள் சரி என்றாள். "ஈரத்துக்குக் காரணம் அந்தப் பெட்டிதான் சிஸ்டர். எழுதித் தர்றோம், எட்டுப் பேரும்" என்றாள்.

"பத்து" என்று திருத்தினார் பெரியவர், தன்னையும் வேன்காரரையும் சேர்த்து.

மணி அடித்தது. இரண்டாவது ஓட்டம் முடிந்து சூடு முகத்தில் அடித்தது.

"அண்ணே, ரெண்டு தரம் ஓடினா அம்பது ஆச்சே. இனி உங்களை எப்படிக் கூப்பிடுறது?" என்றாள் ரேடியோ. ஆறு வாரத்துக்குப் பிறகு பெரியவர் சிரித்தார்.

மடிப்பக்கா முதல் விரிப்பை இழுத்து, ஓரத்தைக் கன்னத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. கன்னம்தான் ஈரமாக இருந்தது, துணி காய்ந்திருந்தது. யார் கட்டிலுக்குப் போகுமோ. மூலையில் தையல் எதுவும் போடாமல் மடித்து வைத்துவிட்டு, அடுத்ததற்குக் கை நீட்டினாள்.