மேலே போன துவைகல்

நீலகண்டன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். குளித்தான். இரண்டு தோசை வார்த்து நின்றபடியே தின்றான். மனைவி இறந்து ஒரு வருஷம். வீட்டில் பேச ஆள் இல்லை. எட்டு மணி வேலைக்கு ஆறரைக்கே திருப்பூணித்துறையில் பஸ் ஏறிவிடுவான்.

மட்டாஞ்சேரியில், தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் சந்து ஒன்றில் அவன் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் பொதுக் கழிப்பறை கட்டியிருந்தது. கடல் ஏறும் நாட்களில் காயல் தண்ணீர் சந்துக்குள் புகுந்துவிடும். பழைய கழிப்பறை அப்படித்தான் நாறிப்போனது. ஆகவே புதியதை ஏழு படி உயரத்தில் நிறுத்தினான். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆளும் வரவில்லை. பெண்கள் பழைய நாற்றத்துக்கே போனார்கள். வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். ஒருவரும் பயன்படுத்தவில்லை என்றால் அடுத்த மூன்று சந்துகளுக்குக் கழிப்பறை கிடையாது.

கிருமிகளைப் பற்றிப் படம் காட்டி வகுப்பெடுத்தான். பெண்கள் பொறுமையாகக் கேட்டு, பிஸ்கட் தின்றுவிட்டுப் போனார்கள். செவ்வாயன்று சித்தாள் வேலை செய்யும் இசக்கிசெல்வியிடம் நேராகவே காரணம் கேட்டான். அவள் எதிரே இருந்த சாயாக்கடையைக் காட்டினாள்.

"மேடை போட்டுக் குடுத்திருக்கிய சாரே. வாளியத் தூக்கிட்டு ஏறுனா அத்தனை பேரும் நம்மளத்தான் பாக்கானுவ. எத்தனை தடவ போனோம்னு எண்ணிருவானுவ."

மூன்று மழைக்காலம் தண்ணீரின் உயரத்தை அளந்தவன், சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனின் கண் உயரத்தை அளக்கவில்லை. மறைப்புச் சுவர் எழுப்பலாமா என்றான். வெள்ளிக்குள் பூச்சு காயாது என்றாள் அவள். பிறகு, கீழே குழாயடியில் கிடந்த துவைகல்லை மேலே கழிப்பறை வாசலுக்கு ஏற்றித் தரச் சொன்னாள்.

"துணி துவைக்கப் போறாளா, வெளிக்குப் போறாளான்னு எவன் கண்டான்?"

புதனன்று நாலு ஆண்கள் முக்கிமுனகிக் கல்லை மேலே ஏற்றினார்கள். குழாயும் கொடியும் வந்தன. வியாழக்கிழமை கழிப்பறை வாசல் புடவைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. காற்று வரவில்லை என்று சாயாக்கடைச் சேட்டன் குறைப்பட்டார். இசக்கிசெல்வி அவர் பக்கமாகப் பார்த்து ஈரப் போர்வை ஒன்றை விரித்தாள். நீலகண்டனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை எர்ணாகுளத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பெரிய அதிகாரி விறுவிறுவென்று படியேறி, புடவையை விலக்கி, கதவில் கை வைக்கப் போனார். சோப்பு நுரை வழியும் கையை இசக்கிசெல்வி குறுக்கே நீட்டினாள்.

"உள்ள ஆளு இருக்கு சார். இன்னும் மூணு பேரு வரிசைல நிக்காவ. நீங்க கடைசில நில்லுங்க."