ஒன்பதாவது வீடு

விசாரணை அறையின் மின்விசிறி கிரீச் கிரீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. கையில் விலங்கோடு உட்கார்ந்திருந்தவன் அண்ணாந்து பார்த்தான். "பேரிங் போச்சு. எத்தனை மாசமா இப்படியே விட்டு வெச்சிருக்கீங்க? உங்களுக்கெல்லாம் காது இருக்கா, இல்லையா?" என்றான்.

எட்டுப் பெண்களைக் கொன்றவன் அன்றைய பேச்சை இப்படித்தான் ஆரம்பித்தான். கண்ணீர் இல்லை, தலைகுனிவு இல்லை. மின்விசிறியைக் கவனிக்காமல் விட்டதுதான் அவன் கண்ணுக்குக் குற்றமாகப் பட்டது. மேசைக்கு இந்தப் பக்கம் கணினி முன்னால் இருந்த டைப்பிஸ்ட்டுக்கு, எழுந்து போய் அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அன்று எழுத வேண்டியது ஒன்பதாவது வீட்டின் கதை. அந்த வீட்டில் செத்தவள் அவளுடைய சொந்த அக்கா.

சட்டப்படி பார்த்தால் அவள் அந்த அறைக்குள் கால் வைத்திருக்கவே கூடாது. முதல் எட்டு வாக்குமூலத்தையும் அடித்தவள் அவள்தான். ஒன்பதாவதற்கு வேறு ஆளைப் போடுகிறேன் என்று அதிகாரி சொன்னபோது ஒற்றைக் காலில் நின்றாள். "அவன் வாயால சொல்லி நான் கேக்கணும் சார். என் கையால அடிக்கணும். இல்லன்னா எனக்கு ஆறவே ஆறாது" என்றாள். அதிகாரிக்கு அலுவலகத்தில் முற்றுப்புள்ளி என்று பட்டப்பெயர். ஒரு கோப்பை மூடிக் கட்டி அலமாரியில் ஏற்றினால்தான் மனிதருக்குச் சோறு இறங்கும். வேறு டைப்பிஸ்ட் வர நாலு நாள் ஆகும் என்று தெரிந்ததும், "அவன்கிட்ட நீ யாருன்னு மூச்சு விடக் கூடாது" என்று சொல்லி அவளையே உட்கார வைத்துவிட்டார்.

மெக்கானிக் என்றுதான் பத்திரிகைகள் அவனுக்குப் பெயர் வைத்திருந்தன. வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். தனியாக இருக்கும் பெண்களாகப் பார்த்து, பகல் வேளையில், கழுத்தில் வயரைச் சுற்றிக் கொன்றான். அவனுடைய மூளையைப் பற்றி எழுதி எழுதிப் பத்திரிகைக்காரர்கள் மாய்ந்து போனார்கள். ஒரு மனநல மருத்துவர் மூன்று நாள் வந்து, அம்மா அடித்தாளா, அப்பா குடித்தாரா என்று கேட்டார். அவனும் வஞ்சனையில்லாமல் கதை அளந்தான். காலையில் அடிக்கிற அம்மா, மாலையில் ஊட்டி விடுகிற அம்மா. மருத்துவர் இரண்டையும் குறித்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

வாக்குமூலங்களை அடித்தவளுக்குத் தெரியும், அவன் வெறும் அற்பன். ஃபில்டரைக் கழுவாத பெண்ணைக் கண்டால் அவனுக்கு எரிச்சல். "போன தடவை வந்தவர் சீக்கிரம் முடிச்சாரே" என்று யாராவது சொல்லிவிட்டால் எரிச்சல். வாசலிலேயே நிற்க வைத்துத் தண்ணீர் கொடுத்தால் எரிச்சல். இதெல்லாம் ஊரில் எவனுக்கும் வருகிற எரிச்சல்தான். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் புலம்புவார்கள். இவன் வீட்டில் வேறு யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு வயரை எடுப்பான். அதன் பிறகு அவனுக்கு மனசு லேசாகிவிடுமாம். எட்டுத் தடவையும் அதே வார்த்தையைச் சொன்னான்.

அவனுக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது வேலைதான். கொன்ற பிறகு உட்கார்ந்து மெஷினைச் சரி செய்வான். ஒரு சுற்று ஓட விட்டுப் பார்ப்பான். தரையில் சிந்திய தண்ணீரைத் தன் பையிலிருக்கும் துணியாலேயே துடைப்பான். பக்கத்து அறையில் ஒரு பெண் செத்துக் கிடக்க, இவன் மெஷின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்பான். "கை வெச்ச வேலையைப் பாதியில விடற பழக்கம் எனக்குக் கிடையாது" என்பான். போலீசார் போய்ப் பார்த்தார்கள். எட்டு வீட்டிலும் மெஷின் ஒழுங்காக ஓடியது.

அதிகாரி கோப்பைத் திறந்தார். டைப்பிஸ்ட் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டாள். இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் அவள் வீடே காத்திருந்தது. அத்தானுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து இரண்டு மாதமாகிறது. வழக்கு முடியும் வரை ஊரை விட்டுப் போகக் கூடாது என்று போலீஸ் தடுத்து வைத்திருந்தது. இன்று மெக்கானிக் கையெழுத்துப் போட்டால், இந்த வாரமே அத்தான் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. குழந்தைக்கு ஏழு வயது.

"மாடி வீடு. நீல கேட். ஞாபகம் இருக்கா?" என்றார் அதிகாரி.

"நீல கேட்டு… ஆங், இருக்கு."

"மெஷின் சமையல் ரூமை ஒட்டி இருந்துச்சு, இல்ல?"

"ஆமா, ஒட்டித்தான் இருந்துச்சு."

"அந்தம்மா குழந்தையோட ரூம்ல விழுந்து கிடந்தாங்க. வயரால்தானே?"

"வயராலதான் சார். வேற எதால?"

பிள்ளைக்குப் பதிலை ஊட்டிவிட்டுக் கேள்வி கேட்கிற டியூஷன் வாத்தியார் மாதிரி அதிகாரி கேட்டார். அவனும் சமர்த்தாக ஒப்பித்தான். டைப்பிஸ்ட்டுக்கு அது உறைக்கவில்லை. அவள் மனசு முழுக்க வெறுப்பு. ஒரு வருஷமாக வளர்த்து வைத்த வெறுப்பு. அக்காவின் கடைசி நிமிஷத்தில் இந்த மூஞ்சியா எதிரில் இருந்தது என்று நினைத்து நினைத்து, விசைப்பலகையைக் குத்துகிற மாதிரி அடித்துக்கொண்டு போனாள்.

"அப்புறம்?" என்றார் அதிகாரி.

"அப்புறம் என்ன, வழக்கம்போலத்தான். மெஷினைப் பிரிச்சு சரி பண்ணி, ஒரு ரவுண்டு ஓட விட்டுப் பார்த்தேன். சொட்டுத் தண்ணி வெளிய வரல. இதையும் எழுதிக்கம்மா."

அவள் விரல்கள் நின்றுவிட்டன.

அன்று காலையில்தான் அக்கா வீட்டில் அந்த மெஷினுக்கு அடியில் போட்டிருந்த பழைய துண்டைப் பிழிந்து காயப் போட்டுவிட்டு வந்திருந்தாள். குழந்தையின் பள்ளிச் சீருடையைத் துவைக்கும்போதெல்லாம் கதவுக்குக் கீழே தண்ணீர் கசிந்து கூடம் வரை வரும். இன்று நேற்றல்ல. "இந்தச் சனியன் ஒழுகித் தொலைக்குதுடி" என்று அக்கா உயிரோடு இருந்தபோதே போனில் அலுத்துக்கொண்ட அதே ஒழுகல், அதே இடம். அக்கா போன பிறகு அதைச் சரி செய்ய யாரும் ஆள் கூப்பிடவில்லை. அந்த வீட்டுக்கு இன்னொரு மெக்கானிக்கை வரச் சொல்ல யாருக்கு மனசு வரும்? குழந்தைக்காக அந்த வீட்டிலேயே வந்து தங்கிய அவளும் அம்மாவும் மாற்றி மாற்றித் துண்டு போட்டே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

இவன் அந்த மெஷினைத் தொடவில்லை. தொடவில்லை என்றால் அந்த வீட்டுக்கே வரவில்லை. பத்திரிகைகள் ஒன்பது, ஒன்பது என்று எழுதுவதைப் பார்த்து, எட்டுக்கு இறங்க மனசில்லாமல் தலையாட்டிக்கொண்டிருக்கிறான்.

அப்படியென்றால்?

அப்படியென்றால் என்ன என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அக்கா இறந்தது பதினோரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று குழந்தைக்குக் காய்ச்சல். அதை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போக அத்தான் வந்தபோது பன்னிரண்டரை தாண்டியிருந்தது. அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள், கதவைத் திறந்தவள் இவள்தான். இரண்டு நாள் கழித்து அத்தான் கண்ணெல்லாம் வீங்கி எதிரில் வந்து நின்றார். "பதினொண்ணுக்கே வந்துட்டேன்னு சொல்லிடும்மா. இல்லன்னா என்னைத் தேவையில்லாம இழுத்தடிப்பாங்க. அந்த மெக்கானிக் பையன் வேலைன்னு ஊருக்கே தெரியுமே" என்றார். பாவமாக இருந்தது. சொல்லிவிட்டாள். கையெழுத்தும் போட்டாள். சாவு வீட்டில் செய்கிற ஒரு ஒத்தாசை போல நினைத்துச் செய்தாள். பொய் என்ற வார்த்தைகூட அப்போது மனசில் வரவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை அத்தானுக்கு எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

"என்னம்மா, கரண்ட் போச்சா? அடி" என்றார் அதிகாரி.

அடித்துவிட்டால் போயிற்று. அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். அதிகாரி கோப்பைக் கட்டுவார். குழந்தை அந்த மனிதனின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறும். அந்தக் கையை நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

"அந்த மெஷின் ஒழுகுது" என்றாள்.

"எது?" என்றான் மெக்கானிக்.

"நீ சரி பண்ணேன்னு சொல்றியே, அது. ஒரு வருஷமா ஒழுகுது. தினமும் நான்தான் துடைக்கிறேன்."

"ஏம்மா, நீ டைப் அடிக்க வந்தியா, விசாரிக்க வந்தியா?" என்று அதிகாரி சீறினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் கை வெச்ச மெஷின் ஒழுகாது" என்றான் அவன். முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது.

"ஒழுகுதுடா. வீடெல்லாம் தண்ணி. பெரிய வேலைக்காரன்னு பேப்பர்ல போடறான். எங்க தெருவுல புதுசா வேலை கத்துக்கற பையன் உன்னைவிட நல்லா பண்ணுவான். நீ அரைகுறை."

விலங்கு மேசையில் மோதிச் சத்தம் எழுந்தது. காவலர் அவன் தோளை அழுத்திப் பிடித்தார். கொலைகாரன், ராட்சசன் என்றெல்லாம் கோர்ட் வாசலில் ஊரே வசைபாடியபோது சிரித்துக்கொண்டு போனவன், அரைகுறை என்ற சொல்லுக்கு முகம் கறுத்துப்போனான்.

"எங்கேருந்து ஒழுகுது? முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. கதவுக்குக் கீழ."

"ஓடறப்பவா, நிறுத்தின பிறகா?"

"ஓடறப்ப."

"கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கு. பத்து நிமிஷ வேலை! கண்ணை மூடிட்டு மாத்துவேன். அதைக்கூட மாத்தாம எழுந்து வர்றதுக்கு என்னை என்ன கேனையன்னு நெனச்சியா?"

"அப்போ அந்த வீட்டுக்குப் போனியா, போகலையா?"

அதிகாரி, "போனான்! இப்பத்தானே சொன்னான்!" என்றார். மெக்கானிக் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஒன்பது என்ற எண்ணிக்கை ஒரு பக்கம், ஒழுகுகிற மெஷின் ஒரு பக்கம். எதை விடுவது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். ஒரு பெண்ணின் சாவு அந்த யோசனையில் எங்கேயும் இல்லை. அதைப் பார்த்தபோது அவன்மேல் இருந்த வெறுப்பு அவளுக்கு இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

"வெட்டு" என்றான் கடைசியில். "அந்த வீட்டை வெட்டிடு. நான் போகல. நீல கேட்டும் பார்க்கல, ஒரு கேட்டும் பார்க்கல. எவனோ ஒருத்தன் என் பேரைக் கெடுக்கறதுக்காகப் பண்ணியிருக்கான்."

அவள் அப்படியே அடித்தாள். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் விலங்குக் கையோடு நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளை உற்றுப் பார்த்தான்.

"தினமும் துடைக்கிறேன்னு சொன்னியே. நீ அந்த வீட்டு ஆளா?" என்றான். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. பல்லைக் காட்டிச் சிரித்தான். "அடிப்பாவி. ஒரு வருஷமா என்னைத் திட்டிக்கிட்டே, எவனுக்கோ சோறு போட்டிருக்கே நீ."

செருப்பால் அடித்தது போலிருந்தது. அவன் சொன்னது உண்மை என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

காவலர்கள் அவனைக் கூட்டிப் போனதும் அதிகாரி கத்தித் தீர்த்தார். "மேல ஒன்பதுன்னு சொல்லியாச்சு! பேப்பர்காரங்களுக்கு ஒன்பதுன்னு சொல்லியாச்சு! உன்னை உள்ள விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"நீங்க ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுத்தீங்க, அவன் ஆமா போட்டான். அதையும் நான் எழுதட்டுமா சார்?"

அவர் கோப்பை இழுத்து மூடினார்.

அவள் புதிய பக்கத்தைத் திறந்தாள். தன் பெயர், வயது, இறந்தவளுக்குத் தான் என்ன உறவு என்பதை அடித்தாள். போன வருஷம் தான் கொடுத்த வாக்குமூலத்தில் பதினோரு மணி என்று சொன்னது பொய் என்று அடித்தாள். சரியான நேரத்தை அடித்தாள், அப்படிச் சொல்லச் சொன்னது யார் என்பதையும் அடித்தாள். இரண்டு இடத்தில் பிழை வந்தது. திருத்தினாள். அதிகாரி அவள் தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். படிக்கப் படிக்க அவர் குரல் தணிந்தது.

"பொய் சாட்சிம்மா இது. வேலை போயிடும். ஜெயிலுக்குக்கூடப் போகலாம்."

"தெரியும் சார். குழந்தை ஸ்கூல்ல இருக்கு. எங்க அம்மாவைத் தவிர யார்கிட்டயும் விடக் கூடாதுன்னு நீங்க போன் பண்ணிச் சொல்லுங்க. உங்க பேருக்குத்தான் மரியாதை."

அவர் வெளியே போய்ப் பள்ளிக்குப் பேசினார். திரும்பி வந்து தலையசைத்தார். அதற்குள் மேசையில் அவள் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் அத்தான் என்று இருந்தது. எடுத்தாள்.

"என்னம்மா, முடிஞ்சுதா? கையெழுத்துப் போட்டுட்டானா?"

"போட்டுட்டான் அத்தான்."

"அப்பாடா" என்றார் அவர். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. "ஒரு வருஷம்மா. ஒரு வருஷமா நெஞ்சுல கல்லைக் கட்டின மாதிரி இருந்துச்சு. உங்க அக்கா ஆத்மா இனிமேதான் சாந்தியடையும்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "நீங்க ஒரு நடை இங்க வரணும் அத்தான். உங்க கையெழுத்தும் ஒண்ணு வேணுமாம்."

"அதுக்கென்ன, இதோ கெளம்பிட்டேன். நீ சாப்பிட்டியாம்மா? வரும்போது உனக்கு ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?" என்று அவர் அன்பாகக் கேட்டார்.