உப்புப் பார்க்க ஆளில்லை

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. என் பெயர் சம்மனசு, தேவதூதர் என்று அர்த்தம். பெயருக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஒன்பது வருடமாகக் கோயிலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்று பூசை கண்ட மனிதரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும், யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

அவர் பெயர் சந்தியாகு. தச்சு வேலை. முன்பெல்லாம் கோயிலில் பாட்டுக்காரர்களோடு நின்று பாடிக்கொண்டிருந்தார். ஒரு பாஸ்குத் திருநாள் பூசையில், அப்போதிருந்த பிரெஞ்சுக்காரச் சாமியார் பாட்டைப் பாதியில் நிறுத்தி, "அங்கே யார் மாடு மாதிரி கத்துவது?" என்று கேட்டுவிட்டார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், அது என் தப்புதான். அன்றைக்கு வெளியே போனவர் உள்ளே வரவில்லை. ஞாயிறு தவறாமல் வெளுத்த வேட்டியில் வருவார், மரத்தடியோடு சரி. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கிடையாது, ஆண்டவரின் உடலென்று நாக்கில் வைக்கும் அப்பமாகிய நன்மையை வாங்குவதும் கிடையாது. அந்தச் சாமியார் கப்பலேறிப் போய், அங்கே செத்தும் போய்விட்டார். இவர் வீம்பு மட்டும் சாகவில்லை. நன்மை வாங்காமலே இந்த மனிதர் கண்ணை மூடிவிட்டால் என்ன கதி என்று நான் உருட்டாத ஜெபமாலை இல்லை.

ஐம்பத்திரண்டாம் வருடம் எங்கள் மகள் சலேத்துக்குப் புதுநன்மை. முதல்முறையாக நன்மை வாங்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் தாயும் தகப்பனும் மண்டியிட்டு வாங்க வேண்டும் என்று புதுச் சாமியார் ஏற்பாடு செய்திருந்தார். "அப்பா வரலைன்னா நானும் வாங்க மாட்டேன்" என்று சலேத்து சொல்லிவிட்டாள். வீம்பு யாருடைய சொத்து என்று கேட்கவா வேண்டும்? இரண்டு நாள் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"சரி, வர்றேன். ஆனா நீயும் கூடவே மண்டி போடணும். ஊரு முன்னாடி தனியா போயி நிக்க என்னால ஆவாது."

சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். முக்கால் மணி நேரம்! வரிசையில் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். நான் மாதாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூட வாயில் விடக் கூடாது. எனக்கு அது பெரிய காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைச் சமையலுக்கு உப்புப் பார்க்கப் பக்கத்து வீட்டு ஜொஹரா வருவாள். அவள் புருஷன் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். நோன்பு மாதத்தில் அவள் கஞ்சிக்கு நான் போய் உப்புப் பார்ப்பேன். பல வருடமாக எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு.

அந்த வருடம் புதுநன்மை நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது.

பூசை முடிந்து நாற்பது பேர் சாப்பிட வருவார்கள். இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். விடியற்காலையிலேயே ஜொஹரா ஒத்தாசைக்கு வந்துவிட்டாள். குழம்பு கொதிக்கும்போதுதான் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். அவளுக்கு நோன்பு. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும் நன்மை. உப்புப் பார்க்க வீட்டில் ஒரு நாக்கு இல்லை!

"கண்ணளவுல போட்டு எறக்கிடுங்க அக்கா. உங்க கைக்குத் தெரியாதா?" என்றாள்.

"அந்தக் கைதான் போன வாரம் ரசத்தைக் கெடுத்துச்சு" என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேசிக்கொண்டே கரண்டியை எடுத்தேன். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டேன். நக்கினேன். விழுங்கினேன்.

"உப்பு கொஞ்சம் பத்தலை" என்றும் சொன்னேன்.

ஜொஹராவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "யா அல்லா! அக்கா, என்ன பண்ணிட்டீங்க?"

கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். துப்பியிருந்தாலாவது தப்பித்திருப்பேன். விழுங்கியதை என்ன செய்வது?

"எங்கள்ல மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாது அக்கா" என்றாள் மெதுவாக. "அது அல்லா ஊட்டுனதுன்னு சொல்லுவாங்க."

"எங்கள்ல அப்படி இல்லடி" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

வேறு யாராவது இருந்திருந்தால், 'யாருக்குத் தெரியப் போவுது, வாயைத் தொடச்சிக்கிட்டுப் போங்க' என்றிருப்பார்கள். ஜொஹரா அதைச் சொல்லவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நீங்க கெளம்புங்க, அடுப்பை நான் பாத்துக்குறேன்" என்றாள்.

"ஒரு கை உப்பு போடு. அதான் தெரிஞ்சிருச்சே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வழியெல்லாம் பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன் என்றில்லை. மீன்காரியிடம் தினமும் சொல்கிறேன். ஆனால் ஆண்டவரை நாக்கில் வாங்கும்போது எப்படி? சலேத்து வெள்ளைப் பாவாடையும் முக்காடுமாக மெழுகுவத்தியோடு உள்ளே போனாள். பூவரச மரத்தடியில் அவரை நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன்.

"அப்ப சரி. எனக்கும் வேணாம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று சொல்லி மரத்தில் சாய்ந்துகொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "ஒம்போது வருசம் நான் அங்க தனியாத்தான் மண்டி போட்டேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இந்த ஊரு முன்னாடி தனியா எந்திரிச்சுப் போயி, தனியா திரும்பி வந்தேன். இன்னிக்கி ஒரு நாளு நீங்க தனியா போங்க. உங்க எடத்துல நான் நிக்கிறேன்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

நான் அவர் நிற்கும் இடத்தில் நின்றேன். பக்கவாசல் வழியாகப் பூசை தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பீடம் தெரியவில்லை. சாமியார் தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில், ஒரு தூணோரத்தில், ஒரு ஆள் மண்டியிடும் அளவுக்கு வெறும் தரை மட்டும் தெரிந்தது. நான் ஒன்பது வருடமாக மண்டியிடும் இடம் அது. கோயிலைச் சுற்றி வேறு மரங்களும் இருந்தன, நல்ல நிழலுள்ள மரங்கள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், முடியவில்லை.

நன்மை கொடுக்கும் மணி அடித்து அடங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் பாட்டில் சேர்ந்தது. சத்தியமாக மாடு கத்துகிற மாதிரிதான் இருந்தது. இந்தமுறை நான் சிரிக்கவில்லை.

பூசை முடிந்ததும் சலேத்து ஓடி வந்தாள். "அம்மா, நன்மை வாங்குறப்ப அப்பா அழுதாங்க!"

அவர் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். நான் நின்ற இடத்தைப் பார்த்தார், பிறகு பக்கவாசலைப் பார்த்தார்.

"இங்கேருந்து நல்லாத் தெரியுதுல்ல?" என்றார்.

"தெரியுது" என்றேன்.