அறுபத்தெட்டு கிலோ, கோட்டோடு

மே மாத வெயிலில், கம்பளிக் கோட்டும் மைன்ஸ் பூட்ஸுமாக, பண்டகசாலையில் மூட்டை நிறுக்கிற தராசின் மேல் ஏறி நின்றான் இசக்கிமுத்து.

வரிசையில் நின்ற பெண்கள் பையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“என்னய்யா இசக்கி, உன்னையும் ரேஷன்ல போடச் சொல்லிட்டாங்களா?” என்றார் எடை போடுகிற தனகோடி.

“கனடாக்காரன் கேட்டு எழுதியிருக்கான். உடுப்போட, பூட்ஸோட எம்புட்டு எடைன்னு.”

“ஏன், கிலோ கணக்குல வாங்கப்போறானா?”

“தண்ணியில எறங்குற பிளேன். சின்னது. ஓட்டுறவனையும் சேத்து நாலு பேரு. எடை கூடுனா ஏரிய விட்டு எந்திரிக்காதாம்.”

“ஏரியில இறங்கி?”

“மீன் பிடிக்கணும்.”

“பிடிச்சு?”

“திருப்பி விட்டுரணும்.”

தராசின் குண்டை நகர்த்திக்கொண்டிருந்த தனகோடியின் கை நின்றது. “விடறதுக்கா ஏரோப்ளேன்ல போற? இங்க மைன்ஸ் தண்ணி ஓடுற வாய்க்கால்லயே பிடிச்சு விடேன்யா. நடந்தே போயிட்டு வந்துடலாம்.”

இந்த முறை பெண்கள் வாயைப் பொத்தவில்லை.

இசக்கிமுத்து சிரிக்கவில்லை. நாற்பத்தொரு நாளாக அவனுக்குச் சிரிப்பு வருவதில்லை. அழுகையும் வந்ததில்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பசித்தது, படுத்தால் தூக்கம் வந்தது. இடையில் இருந்த எதுவோ ஸ்விட்சை அணைத்த மாதிரி நின்று போயிருந்தது.

“அறுபத்தெட்டு, கோட்டோட” என்றார் தனகோடி.

எழுதிக்கொண்டான். பெல்ட் செக்‌ஷனில் அறுந்த கன்வேயர் பெல்ட்டை ஒட்டுகிற டெக்னீஷியன் அவன். புதுமாதிரி பெல்ட் ஒட்டக் கற்றுக்கொள்ள ஆறு வாரம் கனடா. செக்‌ஷனில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அந்த வாய்ப்பு. மூன்றாவது ஞாயிறு, பயிற்சி கொடுக்கும் கம்பெனி விருந்தாளிகளை ஒரு வழிகாட்டியோடு ஏரிக்கு மீன் பிடிக்க அழைத்துப் போகும். அதற்கான படிவம் இன்றைய தபாலில் போயாக வேண்டும்.

கோட்டைக் கழற்ற மறந்து வெளியே வந்தான்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் தமயந்தி நின்றுகொண்டிருந்தாள். கூட வேலை பார்த்த கண்ணையனின் மனைவி. கண்ணையன் செத்து நாற்பத்தொரு நாள்.

“அண்ணே, ஏரோப்ளேனுக்கு எடை போட்டாச்சுங்களா?”

தலையாட்டினான்.

அவள் ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். “இது உங்களுது. போலீஸ் ஸ்டேஷன்ல அவரு சாப்பாட்டுப் பைய குடுத்தாங்க. பிரிக்க மனசு வரல. நேத்துதான் பிரிச்சேன்.”

உள்ளே ஒரு தூண்டில் முள். அதன் மேல் சேவலின் சிவப்புக் கழுத்திறகு வைத்து மஞ்சள் நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது. தண்ணீர்மேல் உட்கார்ந்த ஈ போலவே இருந்தது. மீனை ஏமாற்றக் கட்டுவது என்று முன்பு வந்த கனடாக் கடிதத்தில் படம் போட்டிருந்த அதே ஈ.

“மூணு நாளு குந்திகினு கட்டினாருண்ணே. எங்க வூட்டு சேவலுக்கு இன்னும் கழுத்து மொட்டையாத்தான் இருக்குது.”

சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள். உடனே நிறுத்தினாள்.

“இன்னிக்கு அஞ்சு மணிக்கு அவரு பைலை மூடறாங்களாம். டூட்டிக்குப் போற வழியில செத்தாருன்னு ஆச்சுன்னா எனக்கு வேலை தருவாங்க. இல்லன்னா மாசக் கடைசியில குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். இசக்கியண்ணனுக்குப் பதிலா ஷிப்டுக்குப் போனாருன்னு நான் சொன்னேங்க. ஷிப்டு மாத்தின சிலிப்பு எங்கேன்றாங்க. நீங்க அன்னிக்கு லீவுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களாமே?”

ஒரு கம்பெனி பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தாள்.

“நீங்க லீவுன்னா, எங்க வூட்டுக்காரரு சோறு கட்டிகினு எங்கண்ணே போனாரு?”

பதிலுக்கு நிற்கவில்லை. போய்விட்டாள்.

*

செக்‌ஷனில் ஷிப்டு மாற்றிக்கொள்வது தினப்படி நடக்கிற காரியம். உனக்கு வேலை இருந்தால் என் ஷிப்டில் நீ, உன் ஷிப்டில் நான். அச்சடித்த சிலிப்பின் இரண்டு பிரதியிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டவன் அதை ஷிப்டு தொடங்குமுன் டைம் ஆபீஸில் கொடுக்க வேண்டும். அது சட்டம். நடைமுறை வேறு. மறுநாள் காலையில் கொடுப்பார்கள், கிளார்க் துரைராஜ் முந்தின நாள் தேதி போட்டுச் சீல் குத்துவார். பத்து வருஷமாக எல்லோரும் அப்படித்தான். ஒரு பிசகும் வந்ததில்லை.

அன்று கண்ணையனுக்கு வார ஓய்வு. இசக்கிமுத்துக்கு மதியம் இரண்டு மணி ஷிப்டு. கேட்டது இசக்கிமுத்துதான்.

“பாண்டிச்சேரியில பழைய கம்பளிக் கோட்டு கிடைக்குதாம்டா. ஏரியில ஜூன் மாசத்துலகூடக் குளிருமாம்.”

“போய்ட்டு வாண்ணே. ஆனா அந்த மீனத் திருப்பி வுடற கதைய மட்டும் எங்க ஊரு வளையமாதேவி பக்கம் வந்து சொல்லிடாத. எங்காளுங்க உன்னை டாக்டராண்ட இட்டுகினு போயிடுவாங்க.”

சிலிப்பில் கண்ணையன் கையெழுத்துப் போட்டான். விரலில் ரப்பர் பசை. இரண்டு பிரதியிலும் பெயருக்குப் பக்கத்திலேயே கறுப்பாகக் கட்டைவிரல் ரேகை விழுந்தது.

இசக்கிமுத்து பாண்டிச்சேரியில் கோட்டு வாங்கினான். பஸ்ஸில் சிலிப்பை அதன் உள்பையில் பத்திரப்படுத்தினான். ஊர் திரும்பி மந்தாரக்குப்பத்தில் இறங்கியபோது டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணிக்கு, திருப்பத்து மணலில் கண்ணையனின் மொபெட் சறுக்கி, மைல்கல்லில் தலை. அந்த இடத்திலேயே.

மறுநாள் துரைராஜ்தான் அவனைத் தனியாக இழுத்துப்போனார்.

“சிலிப்பு குடுக்காம ஆள் மாத்தினதுன்னு தெரிஞ்சா உனக்குச் சார்ஜ் ஷீட். சார்ஜ் ஷீட் இருக்கிறவனுக்கு வெளிநாடு கிடையாது. இப்போதைக்கு லீவுன்னு எழுதிக்குடு. அப்புறம் பாத்துக்கலாம்.”

கை எழுதியது. வேறு யாருடைய கையோ எழுதுவதைப் பார்ப்பது போல அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அப்புறம் வரவே இல்லை.

*

“கோட்டோடயா ரோட்டுல வந்திய?” என்றாள் அவன் மனைவி பார்வதி. மடியில் கம்பளி நூல். ஒரு காலுறை முடிந்திருந்தது, மற்றது குதிகால் வரை வந்திருந்தது. பருத்தி கூடாது, கம்பளிதான் வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது.

இசக்கிமுத்து மேஜையில் படிவத்தை விரித்தான். எடை எழுதினான். பாத அளவு எட்டு. இடுப்பு வரைக்குமான ரப்பர் கால்சட்டையை அவர்களே தருவார்கள். கண்ணில் முள் பாயாமல் இருக்கக் கண்ணாடி, தொப்பி. நீந்தத் தெரியுமா? தாமிரபரணியில் நீந்தியவன். ஆம் என்று எழுதினான்.

அடுத்த கட்டம். ஏதேனும் நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?

பேனா நின்றுவிட்டது.

“எம் பேரத்தான எழுதணும்? என்ன யோசன?” என்றாள் பார்வதி.

“தமயந்தி வந்தா.”

ஊசிகள் நின்றன. “என்ன சொன்னா?”

“அஞ்சு மணிக்கு பைல மூடுதாங்க.”

பார்வதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு ஆகியிருந்தது. “போயிட்டு வந்து சொல்லக்கூடாதா? அப்ப யாரும் ஒங்க பிளேன நிறுத்த முடியாதுல்லா?”

“அப்ப அவ இந்த ஊர்லயே இருக்க மாட்டா.”

“நாப்பது நாளு வாயத் தெறக்காம இருந்தியளே. இன்னைக்கு என்ன புதுசா?” கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. “தண்ணிக் குழாய்கிட்ட நின்னா அவ என் மொகத்தப் பாக்க மாட்டேங்கா. பாத்தா நான் என்ன செய்வேன்னும் தெரியல.”

அவன் படிவத்தை மடித்து உறையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

“கோட்டையாவது கழட்டிட்டுப் போங்க!”

காதில் விழவில்லை. சைக்கிளை எடுத்தான்.

*

டைம் ஆபீஸில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. துரைராஜ் தலை தூக்கினார்.

“என்னய்யா, கனடா இங்கயே வந்துட்டுதா?”

இசக்கிமுத்து உள்பையில் கை விட்டான். அதில் போட்டிருந்த தீப்பெட்டி திறந்துகிடந்தது. முள் கட்டைவிரலில் ஏறியது. கையை வெளியே எடுத்தபோது சேவல் இறகு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அய்யோ, இழுக்காதய்யா! கொக்கி சதையப் பிச்சுகினு வரும். ஆஸ்பத்திரிக்குப் போ.”

இசக்கிமுத்து இழுத்தான். முள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சதை கிழியவில்லை. ஒரே ஒரு சொட்டு ரத்தம்.

திருப்பிப் பார்த்தான். முள்ளின் உள்கொக்கியைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கியிருந்தது. மீனைக் காயமில்லாமல் திருப்பி விட அப்படி நசுக்க வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி உண்டு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரக் கேட்டுக்கொண்டிருந்த கண்ணையன், அதையும் செய்து வைத்திருந்தான்.

வலிக்கவில்லை. வலித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

சிலிப்பை மேஜையில் வைத்தான். இரண்டு பிரதிகள்.

துரைராஜ் அதைத் தொடவில்லை. கையெழுத்தைப் பார்த்தார், கறுப்பு ரேகையைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார்.

“இத ஏன்யா இன்னும் வச்சிருக்க? கிழிச்சுப் போட்டிருப்பன்னு நெனச்சேன்.”

“கோட்டுக்குள்ள இருந்துச்சு.”

“லீவுன்னு எழுதிக் குடுத்தது பொய்யின்னு ஆயிடும். சார்ஜ் ஷீட்டு நிச்சயம். உன் இடத்துல வேற எவனாவது போவான். அது தெரியும்ல?”

“தெரியும்.”

“உனக்கு யோசனை சொன்னது நான்னு...”

“ஒங்க பேரு வராது. எழுதுனது நாந்தான. இன்னைக்குத் தேதி போட்டு வாங்கிக்கிட்டதா மட்டும் சீல் குத்துங்க. பழைய தேதி வேண்டாம்.”

துரைராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால். சீலை மை அட்டையில் இரண்டு முறை தட்டினார், மூன்றாவது முறையும் தட்டினார். பிறகு இரண்டு பிரதியிலும் குத்தினார். ஒரு பிரதியைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குள் போனார். திரும்பி வந்தார்.

“பைல்ல வச்சிட்டாங்க. நாளைக்கு உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவாங்க.”

“சரி.”

மேஜையோரம் நின்றபடியே இசக்கிமுத்து கனடா உறையைப் பிரித்தான். படிவத்தின் அடியில், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினான். தான் வரவில்லை. பிளேனில் தனக்கு ஒதுக்கிய அறுபத்தெட்டு கிலோவில் வேறு ஆளை ஏற்றிக்கொள்ளவும். மன்னிப்பும் கேட்க வேண்டுமா என்று யோசித்தான். ஒன்றும் தோன்றவில்லை. ஒட்டி, வெளியே இருந்த தபால் பெட்டியில் போட்டான். விழுகிற சத்தம் கேட்டது.

*

தமயந்தியின் குவார்ட்டர்ஸ் வாசலில் மூட்டை கட்டிய பாத்திரங்கள். சேவல் ஒன்று அவற்றின் மேல் நின்றது. கழுத்து மொட்டை.

சீல் குத்திய பிரதியை நீட்டினான். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். கணவனின் கையெழுத்து வந்ததும் நின்றாள். ரப்பர் பசை ரேகையின் மேல் தன் விரலை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

“வைச்சிட்டாங்களா பைல்ல?”

“வச்சாச்சு.”

“உங்க பிளேனு?”

“இல்ல.”

அவள் நன்றி சொல்லவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. உள்ளே போனாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்தாள். அவன் தீப்பெட்டியை எடுத்து நீட்டினான்.

“அது உங்களுக்குன்னு செஞ்சது. வச்சிக்கங்க.”

பாத்திர மூட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். நடுவில் தலை தூக்கி அவனைப் பார்த்தாள், நாற்பத்தொரு நாளில் முதல்முறையாக நேராக.

“கோட்டக் கழட்டுங்கண்ணே. எப்படி வேர்த்துகினு நிக்கறீங்க பாருங்க.”

இசக்கிமுத்து குனிந்து பார்த்தான். கழுத்திலிருந்து முழங்கை வரை கம்பளி நனைந்து கறுத்திருந்தது. மதியத்திலிருந்தே வேர்த்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றத் தொடங்கினான்.